எண்மருள் எஞ்சுதல்

சீட்டாட்டம் என்னுஞ் சொல்லைக் கேட்டவளவில் நம் பெரியோர் முகஞ் சுளிப்பது இயல்பே. வள்ளுவர் சூதினைக் கடிதற்கென்றே தனி அதிகாரம் ஒன்று வகுத்தார். பாரதத்திலோ கவறாட்டத்தால் தருமன் நாடிழந்து காடு புகுந்தான். ஆயினும், ஈண்டு யான் எழுதப் புகுந்த ஆட்டம் கைப்பொருளை வைத்து இழக்கும் ஆட்டமன்று. இதில் ஆடுவோர் தாமே தெரிந்தெடுத்துத் தொகுத்த சீட்டுக்கட்டுடன் வந்தமர்வர். எதிரில் இருப்பவரும் அவ்வாறே தமக்கென ஒரு கட்டுக் கொணர்வர். இருவர் கட்டும் ஒன்று போலிரா. ஆதலின், சதுரங்கத்திற்குரிய சூழ்ச்சியும் சீட்டிற்குரிய தற்செயலும் இதில் ஒருங்கே கலந்து நிற்கின்றன. இக்கலப்பே இவ்வாட்டத்தின் சுவை. பந்தயத்தின் இறுதிச் சுற்றுக்களை அடைந்தவர்க்கு இதுவே பெருந் தொல்லையுமாம். அத்தொல்லையினின்று அவர் எங்ஙனம் உய்கின்றனர் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வகை ஆட்டங்கட்கு முன்னோடி 'மேஜிக்: தி கேதரிங்' என்பதாகும். ரிச்சர்டு கார்பீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இதனை ஆக்க, விசர்ட்ஸ் ஆப் தி கோஸ்ட் என்னும் நிறுவனத்தார் 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளியிட்டனர். பின்னர் ஜப்பானில் 1996-ல் போக்கிமான் சீட்டுக்களும், 1999-ல் யு-கி-ஓ சீட்டுக்களும் தோன்றின. அவற்றின் விதிகள் வேறாயினும் பந்தயம் நடைபெறும் முறை பெரும்பாலும் ஒன்றே. யான் மேஜிக்கையே எடுத்துக் கொள்கின்றேன். அதன் பந்தய வரலாறே நீண்டது, நன்கு எழுதிவைக்கப் பெற்றதும் அதுவே.

கட்டில் 60 சீட்டுக்கள் குறையாமல் இருத்தல் வேண்டும். அடிப்படை நிலச்சீட்டு ஒழிய வேறெச்சீட்டும் நான்கிற்கு மேற்படலாகாது. தொடக்கத்தில் ஒவ்வொருவர்க்கும் 20 உயிர்ப்புள்ளிகள் உண்டு. 7 சீட்டுக்களைக் கையிலெடுத்து ஆடத் தொடங்குவர். நிலச்சீட்டுக்கள் விளைவயல் போல்வன. அவை தரும் ஆற்றலைச் செலவிட்டே ஏனைச் சீட்டுக்களாகிய வீரரையும் விலங்கையும் மந்திரத்தையும் களத்தில் இறக்கவேண்டும். தம் முறை வருந்தோறும் ஒரு நிலமே இறக்கலாம். எதிரியின் உயிர்ப்புள்ளிகளைச் சுழியாக்கியவர் அவ்வாட்டத்தை வென்றவராவர். மூன்று ஆட்டங்களுள் இரண்டினை வென்றவர்க்கு அப்போட்டி உரியது. இவ்வளவு அறிந்தாற் போதும். எஞ்சிய விதிகள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் விரிவன. அவற்றுள் இறங்கினால் யானும் மீளேன், படிப்போரும் மீளார்.

பெரும் பந்தயங்கள் இரு பகுதியாக நடைபெறும். முற்பகுதிக்குச் சுவிஸ் முறை என்று பெயர். 1895-ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் நடந்த சதுரங்கப் பந்தயத்தில் முதன்முதற் கையாளப்பட்டமையின் அப்பெயர் பெற்றது. இதில் தோற்றவர் வெளியேற வேண்டுவதில்லை. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒத்த புள்ளியுடையாரே எதிரெதிர் அமர்த்தப்படுவர். குறித்த சுற்றுக்கள் முடிந்தபின், முதல் எட்டிடங்களைப் பெற்றோர் மட்டும் பிற்பகுதிக்குச் செல்வர். அங்கே தோற்றவர் அப்பொழுதே விலகவேண்டும். எண்மர் நால்வராவர், நால்வர் இருவராவர், இருவருள் ஒருவர் கோப்பை கொள்வர்.

முற்பகுதியைக் கடப்பதே முதல் இடர். 128 பேர் கூடிய பந்தயம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். சமன் ஒன்றும் நேரவில்லை எனக் கொள்க. ஏழு சுற்றுக்களின் முடிவில் தோல்வியே காணாதார் ஒருவர். ஒரு தோல்வி மட்டுங் கண்டார் எழுவர். இரு தோல்வி கண்டார் 21 பேர். ஒருவரும் எழுவருஞ் சேர எண்மர். கணக்கு எத்துணை அழகாக முடிகின்றது! ஆனால் கூட்டம் 256 ஆகிச் சுற்றும் எட்டாயின், தோல்வியற்றவர் ஒருவர், ஒரு தோல்வியுடையார் எண்மர், ஆக ஒன்பதின்மர். அவருள் ஒருவர் வாயிலிலே நிறுத்தப்படுவர். அவர் யாவர் என்பதை முடிவு செய்வது, அவரவரோடு ஆடிய எதிரிகள் தத்தம் போட்டிகளுள் எத்துணை வென்றனர் என்னும் விழுக்காடு. முதற் சுற்றிலே தோற்றவர் அதன்பின் தோற்றவரோடே அமர்த்தப்படுவராதலின் அவருடைய எதிரிகளின் விழுக்காடு தாழும். கடைசிச் சுற்றில் தோற்றவர்க்கோ அஃது உயர்ந்திருக்கும். ஏழு வெற்றி கண்ட ஒருவர், காலையிலே தம்மிடம் தோற்றுப் போன யாரோ ஒருவர் மாலையில் மேலும் ஒருமுறை தோற்றார் என்பதற்காக மூட்டை கட்ட நேர்கின்றது. இதனினும் கொடிய விதி வேறு விளையாட்டில் உண்டோ என்று யான் ஐயுறுகின்றேன்.

இதனாலே, கடைசிச் சுற்றில் சமன் செய்தாலே இருவரும் எண்மருட் புகுவர் என்னும் நிலை வாய்த்தால், ஆடாமலே சமன் என்று கைகுலுக்கி எழுவதும் உண்டு. விதி இதற்கு இடந்தருகின்றது. ஆனால் அதற்கு ஈடாகப் பணமோ பரிசிற் பங்கோ தருவதாகப் பேசியவர் தண்டிக்கப்படுவர். ஆடாமற் பெறும் புள்ளி விளையாட்டிற்கு அழகன்று என்பது என் கருத்து. எனினும், ஒரு சுற்று 50 நிமிடமாக, காலை தொடங்கி ஏழெட்டுச் சுற்று ஆடிக் களைத்த ஒருவர்க்கு, இறுதிப் போருக்குமுன் ஒருவேளை உணவுண்ண அதுவே வாய்ப்பென்பதையும் மறுத்தற்கில்லை.

இனிப் பிற்பகுதிக்கு வருவோம். முற்பகுதியில் ஒரு தோல்விக்கேனும் இடமிருந்தது. பல சுற்றுக்களின் கூட்டுத்தொகையில் வல்லவர் மெல்ல மேலேறினர். இங்கே அவ்விடம் அடைபட்டுவிடுகின்றது. ஓர் ஆட்டத்தில் வெல்லுதற்கு நூற்றுக்கு 60 வாய்ப்புடைய வல்லுநர் ஒருவரைக் கருதுக. சீட்டாட்டத்தில் 60 என்பது சிறிதன்று. மூன்றில் இரண்டு வெல்லும் போட்டியில் அவர் வாய்ப்பு ஏறக்குறைய 65 ஆகும். ஆனால் அத்தகைய போட்டிகள் மூன்றனை அடுத்தடுத்து வெல்லும் வாய்ப்போ 27 தான். அஃதாவது, நான்கு முறை எண்மருட் புகுந்தால் ஏறக்குறைய மூன்று முறை அவ்வல்லுநர் கோப்பையின்றியே வீடு திரும்புவர். இக்குறையை ஓரளவு நீக்குதற்கே, புரோ டூர் என்னும் தொழின்முறைப் பந்தயங்களில் இறுதி எண்மர்க்கு ஐந்தில் மூன்று வெல்லும் போட்டி வைத்துள்ளனர். அதனால் அவ்வல்லுநரின் வாய்ப்பு 27-லிருந்து ஏறக்குறைய 32 ஆகின்றது. எண்மரும் சரிநிகரானவர் எனின் ஒவ்வொருவர்க்கும் பன்னிரண்டரையே உரியது என்பதையும் நினைவிற் கொள்க.

ஆகவே, இம்முறை எண்மருள் தலைசிறந்தாரைத் தவறாது தேர்ந்தெடுக்கும் என்று எவரேனும் உரைப்பின் அது பொருந்தாது. யான் கூறவிழைவது வேறு. தற்செயலின் பங்கு இன்னது, நம் பங்கு இன்னது என்று பிரித்தறிந்து, நம் பங்கில் ஒரு சிறிதும் தற்செயலுக்கு விட்டுக்கொடாமையே இச்சுற்றுக்களில் எஞ்சுதற்குரிய வழி. சீட்டு வாராமையால் தோற்றேன் என்பாருட் பலர், வந்த சீட்டைக் கொண்டு செய்திருக்கக்கூடியதைச் செய்யாது தோற்றவர்களே. இதற்குத் தக்க சான்று முதற் கையிலேயே கிடைக்கின்றது.

கட்டில் 24 நிலங்கள் இருப்பதாகக் கொள்வோம். 60 சீட்டில் இவ்வளவு வைப்பது வழக்கத்திற்கு மாறானதன்று. எடுத்த 7 சீட்டுள் நிலமே இல்லாதிருத்தலோ, ஒன்றே இருத்தலோ நூற்றுக்கு 14 முறை நேரும். ஆறும் ஏழுமாக நிலங்களே வந்து குவிதல் நூற்றுக்கு ஒன்றிற்குச் சிறிது மேல். இவ்விருவகையும் ஆடத்தகாத கைகள். ஒருவர் இறுதி மூன்று போட்டிகளையும் ஓராட்டமும் இழவாது வென்றாலும் ஆறு ஆட்டங்கள் ஆடவேண்டும். அவ்வாறனுள் ஒருமுறையேனும் இத்தகைய கை வருதற்கு நூற்றுக்கு 64 வாய்ப்புண்டு. ஒன்பது ஆட்டமாயின் 78. (தமிழ் மாணவனுக்கு இக்கணக்கு எங்ஙனம் வந்ததென்று வியப்போர்க்கு: கணித வகுப்பு நண்பர் ஒருவர் அருகிலிருந்து சரிபார்த்தார்.) ஆதலின் இறுதிச் சுற்றில் அமர்வோர், தீய கை வாராதிருக்கவேண்டுமென்று வேண்டிக்கொண்டிருத்தல் பயனற்றது. அது வரும், வந்தால் என்செய்வது என்பதே வினா.

அதற்கு விதியே ஒரு வழி வைத்துள்ளது. மல்லிகன் என்பது அதன் பெயர். பிடிக்காத கையைக் கட்டிற் கலந்துவிட்டுப் புதிதாக எடுக்கலாம். ஆனால் அதற்கு ஒரு சீட்டு விலையாகச் செலுத்த வேண்டும். முன்னாளில் ஒரு சீட்டுக் குறைத்தே, அஃதாவது ஆறே எடுக்கவேண்டியிருந்தது. 2019-ல் லண்டன் நகரில் நடந்த பந்தயம் ஒன்றிற் சோதித்துப் பார்த்து, அவ்வாண்டிலேயே புது விதி நிலைபெற்றது. அதன்படி ஏழும் எடுத்துப் பார்த்து, வேண்டாத ஒன்றைத் தெரிந்து கட்டின் அடியில் வைத்துவிடலாம். இரண்டாம் முறை மாற்றினால் இரண்டினை வைக்கவேண்டும். லண்டன் மல்லிகன் என்றே இன்று அதனை வழங்குகின்றனர். ஏழனுள் ஆறைத் தெரிந்துகொள்ளும் உரிமை, ஆறையே கண்மூடி எடுப்பதினும் எத்துணை மேலானது என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

வழி இருந்தும் பலர் அதில் நடவார். காரணம் அச்சமே. 'இப்போட்டியில் தோற்றால் வீடு' என்னும் நினைவு உள்ளத்தைப் பற்றியபோது, கையிலிருக்கும் ஏழு சீட்டு, அவை எத்துணை இழிந்தனவாயினும், விட மனம் வருவதில்லை. 'அடுத்த சீட்டு நிலமாக இருக்கும்' என்று தமக்குத் தாமே உறுதி சொல்லிக்கொள்வர். அவ்வுறுதி எவ்வளவு பெறும்? இரண்டு நிலமுள்ள கையை வைத்துக்கொண்டவர், தம் மூன்றாம் முறைக்குள் மூன்றாம் நிலம் பெறும் வாய்ப்பை மட்டும் பார்ப்போம். முதலில் ஆடுபவர்க்கு அது நூற்றுக்கு 66. இரண்டாவதாக ஆடுபவர்க்கு 81. முதலில் ஆடுபவர் தம் முதன்முறையிற் சீட்டெடுக்கலாகாது என்னும் விதியே இவ்வேற்றுமைக்குக் காரணம். ஒரே கை, இருக்கையைப் பொறுத்து ஒருகால் கொள்ளத்தக்கது, ஒருகால் தள்ளத்தக்கது. அஞ்சினவர்க்கு இவ்வேற்றுமை கண்ணிற் படுவதில்லை. முற்பகுதியின் மூன்றாஞ் சுற்றில் எக்கையை எண்ணாமல் தள்ளியிருப்பாரோ, அக்கையையே அரையிறுதியிற் கொண்டு ஆடித் தோற்பர். போட்டியின் பெருமை கூடியதனால் சீட்டின் கணக்கு மாறிவிடுவதில்லை.

யார் முதலில் ஆடுவது என்பதும் இச்சுற்றுக்களிற் குலுக்கலுக்கு விடப்படுவதில்லை. முற்பகுதியில் உயர்ந்த இடம் பெற்றவரே முதலாட்டத்தில் அதனைத் தெரிந்துகொள்வர். பின்னர் ஒவ்வோராட்டத்திலும் முன் ஆட்டத்திற் றோற்றவர்க்கு அவ்வுரிமை செல்லும். விரைந்து தாக்குங் கட்டுடையார்க்கு முதலில் ஆடுதல் பெரும் பேறு.

இனி, எதிரியை அறிதல். முற்பகுதியில் எதிரே யார் வந்தமர்வார், எக்கட்டுக் கொணர்வார் என்பது தெரியாது. ஆகவே எல்லாவகைக் கட்டுக்களையும் ஒருவாறு எதிர்க்கவல்ல ஆயத்தமே வேண்டும். பிற்பகுதியிலோ நிலைமை தலைகீழ். முதலிடத்தார்க்கு எட்டாமிடத்தார், நான்காமிடத்தார்க்கு ஐந்தாமிடத்தார், இரண்டாமிடத்தார்க்கு ஏழாமிடத்தார், மூன்றாமிடத்தார்க்கு ஆறாமிடத்தார் என எதிரிகள் முன்னமே குறிக்கப்படுகின்றனர். காலிறுதிக்கு ஒருவர், அரையிறுதிக்கு இருவருள் ஒருவர், இறுதிக்கு நால்வருள் ஒருவர். பெரும் பந்தயங்களில் எண்மரின் கட்டுப் பட்டியலும் ஒருவர்க்கொருவர் காட்டப்படுகின்றது. புரோ டூர்ப் பந்தயங்களில் இறுதி நாளுக்கு முந்திய இரவு இதற்கே செலவாகும். எண்மருட் புகாத நண்பர்கள் கூடி, எதிரியின் கட்டைப் போலவே ஒன்று தொகுத்து, நள்ளிரவு வரை தம் தோழரோடு ஆடிக் காட்டுவர். தாம் தோற்றும் தோழர்க்குத் துணைநிற்கும் இவ்வழக்கம் எனக்கு மிகவும் உவப்பாயிருக்கின்றது.

இவ்வறிவு பயன்படுமிடம் பக்கக்கட்டு. ஒவ்வொருவரும் 60-க்குப் புறம்பாக 15 சீட்டு வைத்திருக்கலாம். ஓராட்டம் முடிந்தபின், எதிரிக்கு எதிராகப் பயன்படாதவற்றை எடுத்துவிட்டு அவற்றினின்று மாற்றிக்கொள்ளலாம். இங்கே தேர்ந்த ஆட்டக்காரரும் வழுக்குகின்றனர். எதிரியின் ஒவ்வொரு சீட்டிற்கும் ஒரு மாற்று வைக்கவேண்டும் என்னும் ஆசையால் பத்துப் பன்னிரண்டு சீட்டுக்களை மாற்றுவர். முடிவில் எதிரியின் கட்டைத் தடுக்கும் கருவிகள் கையில் நிறைந்திருக்கும். வெல்லுங் கருவியோ தம் கட்டில் இராது. பகைவன் வாளைத் தட்டிவிடக் கேடயம் மூன்று சுமந்து, தன் வாளை வீட்டில் விட்டு வந்த வீரனை நினைத்துப் பாருங்கள்.

இதனோடு தொடர்ந்த மற்றொரு கருத்தை மைக்கேல் புளோரஸ் என்னும் அமெரிக்க ஆட்டக்காரர் 1999-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். ஒத்த இயல்புடைய இரு கட்டுக்கள் மோதும்போது, இருவருள் ஒருவர் தாக்குபவர், மற்றவர் தாங்குபவர். தமக்குரியது எது என்பதைத் தவறாக உணர்ந்தவர் தோற்பர் என்பது அதன் சாரம். நெடிது நீடித்தால் யார் வலிமை ஓங்கும்? அவர் தாங்கவேண்டும், மற்றவர் விரைந்து முடிக்கவேண்டும். எளிய கருத்தாகத் தோன்றினும், இவ்வாட்டத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதனைப்போல் மேற்கோள் காட்டப்படுவது அரிது. வள்ளுவர் வலியறிதலையும் காலமறிதலையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தமை இங்கே எனக்கு நினைவு வருகின்றது.

எல்லாம் முறையாகச் செய்தும் தோல்வி கண்ணெதிரே நிற்கும் வேளை வரும். அப்பொழுது என்செய்வது? 2006-ல் ஹோனலூலு நகரில் நடந்த புரோ டூர்ப் பந்தயத்தின் அரையிறுதியைச் சான்றாகக் காட்டலாம். பிரித்தானியரான கிரெய்க் ஜோன்ஸும் பிரெஞ்சுக்காரரான ஒலிவியே ருவெலும் எதிரெதிர் இருந்தனர். ருவெலின் அடுத்த தாக்குதலில் ஜோன்ஸ் வீழ்வது உறுதியாயிருந்தது. ஜோன்ஸின் கையில் 'சார்' என்னும் மந்திரச்சீட்டு இருந்தது; அது குறித்த இலக்கிற்கு நான்கு புள்ளி சேதம் செய்யும், செலுத்தியவர்க்கே இரண்டு செய்யும். அதனைக்கொண்டு ருவெலின் வீரரொருவரை வீழ்த்தித் தம் முடிவைச் சிறிது தள்ளிப்போட முயல்வதே எவர்க்கும் முதலில் தோன்றும். அவ்வாறு செய்தால் ஒருமுறை மிகுதியாக மூச்சு விடலாம். ஆனால் வெற்றிக்கு வழி திறவாது. ஜோன்ஸ் அதனை ருவெலின் உயிர்மீதே ஏவினார். இனி அடுத்து எடுக்கும் ஒரே சீட்டு எரிக்கும் மந்திரமாக வாய்த்தால் வெற்றி, இல்லையேல் அவ்வளவே. எடுத்தார்; திருப்பினார். 'லைட்னிங் ஹீலிக்ஸ்' என்னுஞ் சீட்டு வந்திருந்தது. அது செய்யும் மூன்று புள்ளி சேதமே போதுமானதாயிற்று.

பார்த்தவர் அனைவரும் இதனை நல்லூழ் என்றனர். சீட்டு வந்தது நல்லூழே, ஐயமில்லை. ஆனால், அச்சீட்டு வந்தால் வெற்றியாகும்படி முன்னரே களத்தை ஒழுங்கு செய்து வைத்தது ஊழன்று. 'சார்' சீட்டை வீரர்மீது ஏவியிருந்தால், அதே ஹீலிக்ஸ் அதே கணத்தில் வந்தும் பயனின்றிக் கையிலே கிடந்திருக்கும். கட்டில் 40 சீட்டு எஞ்ச, அவற்றுள் நான்கே நம்மைக் காக்குமாயின், அது பத்தில் ஒன்று. நெடிது தாங்கித் தோற்பதோ பத்திற் பத்து. பத்தில் ஒன்றைத் தெரிந்து அதற்கேற்ப ஆடுபவர், பல பந்தயங்களின் முடிவில், தாங்கித் தோற்பவரினும் சில கோப்பை மிகுதியாகப் பெற்றிருப்பர். ஜோன்ஸ் இறுதிப் போட்டியில் மார்க் ஹெர்பர்ஹோல்ட்ஸ் என்பாரிடம் தோற்றார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆயினும், அப்பந்தயத்தை நினைப்பவர் கோப்பை பெற்றவரினும் அந்த ஒரு சீட்டையே பெரிதும் நினைக்கின்றனர்.

சூழ்ச்சியோடு சாராத சில இடர்களும் உண்டு. கட்டில் உள்ள சீட்டுக்களைப் பட்டியலாக எழுதித் தொடக்கத்திலேயே நடுவரிடம் ஒப்படைக்க வேண்டும். பட்டியலுக்கும் கட்டிற்கும் வேறுபாடு காணின் ஓராட்டத்தை இழக்கும் தண்டனை வரை செல்லும். முந்திய போட்டியில் மாற்றிய பக்கச்சீட்டுக்களை எடுத்துவிட மறந்து அடுத்த போட்டிக்கு அமர்தல், களைத்தவர்க்கு எளிதில் நேரும் பிழை. ஆதலின் தேர்ந்தோர் ஒவ்வொரு போட்டி முடிந்ததும், எழுந்திருக்கு முன்னரே, 60-ஐயும் 15-ஐயும் தனித்தனி எண்ணிவைப்பர். நீர் அருந்துதலும், சுற்றுக்களிடையே சிறிது நடத்தலும், முடிந்துபோன ஆட்டத்தைப் பற்றி வம்பளவாமையும் இவ்வகையைச் சேர்ந்தவை. தேர்வு எழுதி வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிட்டுக் கலங்கி, அடுத்த தாளையுங் கெடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நம் கல்லூரியில் அறியாதார் இலர்.

இத்தனையும் அறிந்தும், கடைசிப் படியிலே நின்றுவிடுவோர் உண்டு. 1994-ல் மில்வாக்கி நகரில் நடந்த முதல் உலகப் பந்தயத்தின் இறுதிப் போட்டியில் பிரெஞ்சுக்காரரான பெர்த்ராண் லெஸ்த்ரே ஸாக் டோலனிடம் தோற்றார். 1996-ல் நியூயார்க்கில் முதல் புரோ டூர் நடந்தபோதும் அவரே இறுதி வரை வந்து மைக்கேல் லோகான்டோவிடம் தோற்றார். வரலாற்றின் இரு முதற் கோப்பைகளையும் ஒரு போட்டியளவில் தவறவிட்டவர் அவர் ஒருவரே. மறுபுறம், ஜெர்மானியரான கை புட்டே 1999-க்கும் 2003-க்கும் இடையில், உலகப் பந்தயத்தையும் மூவர் குழுவாக ஆடியவற்றையுஞ் சேர்த்து, ஏழு புரோ டூர்ப் பந்தயங்களை வென்றார். சரிநிகரானோர்க்கு எட்டில் ஒன்றே உரிய இடத்தில் ஒருவர் ஏழு முறை எஞ்சினார் என்றால், எல்லாம் சீட்டின் செயலென்பாரை மறுத்தற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2009-ல் கியோட்டோ நகரப் பந்தயத்தின் காலிறுதியைக் கூறி முடிக்கின்றேன். கப்ரியேல் நாசிஃபு என்னும் பிரெஞ்சு ஆட்டக்காரர், மத்தேயோ ஒர்சீனி-ஜோன்ஸ் என்பாரோடு ஆடி நெருக்கடியான நிலையில் இருந்தார். அவரை மீட்கவல்லது 'குரூயல் அல்டிமேட்டம்' என்னுஞ் சீட்டு. அதனைச் செலுத்த மூன்று நிறங்களில் ஏழு ஆற்றல் வேண்டும். எந்நிலம் எந்நிறத்திற்கென்று பிழையாமற் பகுத்தல் வேண்டும். அடுத்த சீட்டை எடுக்குமுன்னரே நாசிஃபு தம் நிலங்களை அச்சீட்டிற்குரிய முறையில் வரிசைப்படுத்தி வைத்தார். பிறகே கட்டின்மேற் கைவைத்தார். எடுத்தது அச்சீட்டே. காலிறுதியைக் கடந்த அவர், இறுதியில் லூயிஸ் ஸ்காட்-வர்காஸை வென்று கோப்பையுங் கொண்டார்.